முழு உருவம்

நெல்லியடியில் எனக்கொரு ஸ்ரூடியோ.
வைகாசியில் மூச்சுவிட நேரமிராது.
ஆடி பிறந்ததும் முகூர்த்தங்கள் படுத்துவிடும்;
கமராவைத் துவாயில் சுற்றி
ஸ்கூட்டிக் கூடையில் கிடத்திக்கொண்டு
சுண்டிக்குளம் போவேன்.

"பூநாரை இப்ப இல்லையே, பிள்ளை"
என்றார் கிறகோரி, கரைவலை இல்லாத நாட்களில்
பற்றைக்குள் வழிகாட்டுபவர்.
மானுக்கு வந்தேன் என்றேன்.
"மானோ? அது காசும் கேளாது, சொல்லும் கேளாது."

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை.
விலங்கின் பெயரை உப்புக்காற்று தின்றுவிட்டது;
மிச்சம் இருப்பது
'...களுக்கு உணவளிக்க வேண்டாம்.'
யாருக்கென்று தெரியாமல்
கையிலிருந்த பணிசை
நான் பைக்குள் வைத்தேன்.

சோளகம் முகத்தில் அடிக்கும்படி நடந்தோம்.
முதுகில் பட்டால் எங்கள் மணம் முந்திவிடும்.
வெண்மணலில் இரட்டைப் பிளவாய்க் குளம்படிகள்,
இன்னும் விளிம்பு உதிராதவை.
உமிரி சிவந்த தரவை. அப்பால் வற்றிய நீரேரி
வெயிலில் தகரம்போல் கிடந்தது.
ஆட்காட்டி ஒன்று எங்களைக் காட்டிக்கொடுத்தது,
பிறகு தனக்கே அலுத்து அடங்கியது.

ஈச்சம்பற்றையின் நிழலுக்குள் நிழல் அசைந்தது.
முதலில் ஒரு காது.
காதுக்குப் பின் கழுத்து. கழுத்துக்குப் பின்
வெயிற்பொட்டென்று நான் நினைத்த அத்தனையும்
தோலில் இருந்தன.
ஐந்து. இல்லை, ஆறு.

இருபது வருடமாய் என் வாயில் ஒரே வசனம்:
நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ.
இவை கேட்காமலே உயர்த்தின.
ஒரு சொடுக்கு.
ஆறு தலையும் ஒன்றாய்த் திரும்பின,
குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல்.
ஒன்றுகூடக் கண் மூடவில்லை.
என் தொழிலில் இது முதல்தடவை.

ஏழாவது பிந்தி வந்தது.
பிணைமான். இடது முன்னங்கால்
முழங்காலோடு முடிந்திருந்தது.
ஒவ்வொரு அடிக்கும் தலையை ஒருமுறை தாழ்த்தி
ஓமோம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தது.

"வெடியோ?" என்றேன் மெல்ல.
"வெடியோ, சுருக்கோ. அது சொல்லேல்ல."

பற்றைக்குப் பின்னால் போகட்டும் என்று
என் விரல் காத்திருந்தது.
நான் சொல்லவில்லை; விரலின் பழக்கம் அது.

தையில், கரவெட்டியில் ஒரு கலியாணம்.
மாப்பிள்ளைக்கு இடது கை முழங்கையோடு சரி.
பொம்பிளையின் பின்னால் கொஞ்சம் சரிந்து நில்லுங்கோ,
மாலையை இப்படி இழுத்துவிடுங்கோ,
இந்தப் பூச்செண்டு இங்கே.
அவர் கேட்கவில்லை. நானாகத்தான்.
நாற்பது பக்க ஆல்பம். ஒரு பக்கத்திலும் தெரியாது.
மிச்சக் காசைத் தந்தபடி சொன்னார்:
"வடிவா வந்திருக்கு.
ஆரோ ஒருத்தற்ற கலியாணம் மாதிரி."

மான் பற்றைக்குப் பின்னால் போகவில்லை.
நட்டநடுத் தரவையில் நின்று
பின்னங்காலைத் தூக்கிக் காது சொறியப் பார்த்தது.
இரண்டு காலில் நிற்க முடியாமல் சரிந்து,
மறுபடி தூக்கி, மறுபடி சரிந்து,
மூன்றாம் முறை சொறிந்தே விட்டது.
அந்தச் சுகத்தில் அதன் கண் பாதி மூடியது.
அழுத்தினேன்.
மணல் கொஞ்சம் எழும்பியது. ஏழும் இல்லை.

கிறகோரி திரைக்கு உள்ளங்கையால் நிழல் பிடித்துப் பார்த்தார்.
"தலையெல்லே வெட்டுப்பட்டுப் போச்சு."
உண்மைதான். சட்டத்துக்குள்
அரைக் கழுத்து, புள்ளி வயிறு,
கலங்கிய ஒரு பின்னங்கால்.
நடுவில், மயிர்நுனி எண்ணலாம்போல் தெளிவாக,
அந்த முடிந்த கால்.
அழிக்கும் பொத்தானுக்குக் கை போகவில்லை.

திரும்பும் வழியில் ஃபோனில் தேடினேன்.
'கரவெட்டி மிச்சக்காசு' என்று சேமித்திருந்தேன் அவரை.
பெயர் குணாளன். பொன்னெழுத்தில்
ஆல்பத்தின் முகப்பில் நானே பதித்தது.
சிக்னல் இல்லை.
மருதங்கேணி தாண்டினால் வரும் என்றார் கிறகோரி.